மூணு மூடி, ஒரே மருந்து

டேய் சேகரு, கண்ணு, நல்லா இருக்கியாடா? மருமவ கீதா நல்லா இருக்குதா? மலையில குளுரு கம்மியாச்சா, இல்ல இன்னும் காலையில பனி மூடிகினுதான் இருக்குதா? வெறும் வயித்துல டீத்தண்ணிய ஊத்திகினு தோட்டத்துல எறங்காதன்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். நீ போனுல ‘சாப்டேன் நைனா, சாப்டேன்’னு சொல்ற, பின்னாடி கீதா ‘எப்ப சாப்டீங்க?’ன்னு கேக்கறது என் காதுல வுழுது. இங்க நாங்க நல்லா இருக்கறோம். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுச்சி. ஒண்ணு முழுக் கருப்பு, ஒண்ணுக்கு காது மட்டும் வெள்ள. அந்த வெள்ளக் காது உங்கம்மா பின்னாடியே சுத்துது, அவ ஷூ கம்பெனிக்கு கெளம்புனா வேன் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வருது. மழ ஒரு தூத்தலோட நின்னுட்ச்சி. முட்டி வலி இருக்குது. இருக்கட்டும், அதுக்கும் போக்கிடம் வேணாமா.

நான் சொல்றேன், உங்கம்மா எழுதறா. உன்னோட பழைய காலேஜ் நோட்டுல பின்னாடி பக்கம்லாம் காலியாத்தான் இருந்துச்சி, நீ படிச்ச லட்சணம் அப்டி. எழுதி முடிச்சதும் போட்டோ புடிச்சி உனக்கு வாட்ஸப்புல அனுப்பிடுவா. போனுலயே சொல்ல வேண்டியதுதானன்னு கேப்ப. போனுல நான் வாயத் தெறந்தா நீ ‘சரி நைனா, வெச்சிடட்டா, டவர் இல்ல’ன்னுடுவ. காகிதம்னா டவர் இல்லன்னு சொல்ல முடியாது. உங்கம்மாகிட்ட ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். நான் சொல்றத அப்டியே எழுதணும், கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதுன்னு. ‘நீ மொதல்ல நேரா சொல்லுய்யா, ஆட்டுக்குட்டிலேருந்து ஆரம்பிக்கற’ன்றா. எழுது எழுது, இதயும் எழுது.

ஞாயித்துக்கிழம நீ போன் பண்ணல்ல, அதான் விஷயம். ஸ்ட்ராபெரி செடியில செம்பேன் ஜாஸ்தியாய்டுச்சி, எலைக்கி அடியில நூலாம்பட கட்டிட்ச்சி, ரெண்டு வாட்டி மருந்தடிச்சும் சாவலன்னு சொன்ன. மொதல் அறுப்பு, ரெண்டு வலைக்கூடாரத்துலயும் பழம் புடிக்கற நேரம், இது போச்சின்னா குத்தகைய வுட்டுட்டு கீழ எறங்கறத தவிர வேற வழி இல்லன்னு சொல்றப்போ உன் கொரலு ஒரு மாதிரி ஆய்டுச்சி. வெள்ளிக்கிழம அதே மருந்த டபுளா கலந்து எல்லாத்துக்கும் அடிச்சிடப் போறேன்ன. கீதா வேணாம்னு சொல்லுதுன்ன. சொல்லிட்டு சிரிச்ச பாரு. ‘இவ ஒரு பூதக்கண்ணாடிய வெச்சிகினு எலை எலையா எண்ணிகினு இருக்கா நைனா. ஓடற பூச்சி நல்லதாம், குந்திகினு இருக்கற பூச்சி கெட்டதாம். வுட்டா ஒவ்வொண்ணுத்துக்கும் பேரு வெச்சி தொட்டில் கட்டுவா’ன்ன. நானும் சிரிச்சேன். நல்லா வாய் வுட்டே சிரிச்சேன்.

போன வெச்சிட்டு திரும்பறேன், உங்கம்மா சிரிக்கல. பட்டாணி உரிச்சிகினு இருந்தா, உரிச்சிகினே இருந்தா. ‘இன்னாடி, உன் புள்ள தமாஷ் பண்றான், காதுல வுழலயா’ன்னேன். ‘வுழுந்துச்சி. அவன் சிரிப்பு உன் சிரிப்பு மாதிரியே இருக்குது’ன்னா. அவ்ளோதான் சொன்னா. தொலிய அள்ளிகினு ஆட்டுக்கு போடப் போய்ட்டா. எனக்கு அன்னிலேருந்து சோறு எறங்கலடா. நாலு நாளா சொல்லணும் சொல்லணும்னு நெனச்சி இன்னிக்கி அவளுக்கு லீவுன்றதால புடிச்சி குந்த வெச்சிட்டேன்.

உன் பழத்த பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கறேன். உன் கல்யாணத்துக்கு அந்த வளைவு வளைவா போற பஸ்சுல ஏறி, நான் மூணு எடத்துல வாந்தி எடுத்து, பாதி உசுரோட எறங்குனேன். உன் மாமியாரு ஒரு தட்டு நெறைய அந்தப் பழத்த குடுத்து சாப்பிடுங்க சம்மந்தின்னாங்க. வாயில போட்டா புளிக்குது. இதுக்கா இவன் வேலூருல கெடச்ச வேலைய வுட்டுட்டு இங்க வந்து குளுருல நிக்கறான்னு நெனச்சேன். அப்பறம் ரெண்டாவது தின்னேன், மூணாவது தின்னேன், தட்டு காலியாய்ட்ச்சி. அது வேற கத. ஆனா பழம்தான் வேற, பேன் அதேதான்டா. எலை மேல ஊசியால குத்துன மாதிரி வெளுப்பு வெளுப்பா புள்ளி, அப்பறம் எலையே மண்ணு கலருக்கு திரும்பறது, அடியில நூலு. நீ போனுல சொல்லச் சொல்ல எனக்கு நம்ம முள்ளு கத்திரிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சி.

நீ காலேஜு ஹாஸ்டல்ல சேந்த வருஷம் அது. நம்ம கழனி முழுக்க முள்ளு கத்திரி. காய்க்கி மேல கூட முள்ளு, பறிக்கறவங்க கையெல்லாம் ரத்தம், ஆனா கொழம்புல போட்டா வெண்ண. நம்ம அணைக்கட்டு ஊரு பக்கம் வெளையறதுக்குன்னு ஒரு ருசி, அதுக்குன்னே வேலூர் மார்க்கெட்டுல ஆளு காத்துகினு இருப்பாங்க. அந்த வருஷம் வெயிலும் ஜாஸ்தி, ரோடு வேல நடந்து புழுதியும் ஜாஸ்தி. புழுதி படிஞ்ச எலையில செம்பேன் வந்து குந்திகிச்சி. அணைக்கட்டு மருந்துக் கடையில போய் எலைய காட்டுனேன், கடக்காரரு செவப்பு மூடி போட்ட பாட்டில் ஒண்ணு குடுத்தாரு. அடிச்சேன். ரெண்டே நாளு, ஒரு பேன் இல்ல. எனக்கு அந்த செவப்பு மூடிய பாத்தா சாமிய பாத்த மாதிரி.

அதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் போட்டாங்க, விவசாய ஆபீசருங்க வந்து பேசுனாங்க, சுண்டலு குடுத்தாங்க. அந்த சுண்டல்ல தேங்கா போட்டிருந்தாங்க, சரி, அத வுடு. அங்க ஒரு அம்மா நல்லா வெளக்கமா சொன்னாங்க, ‘ஒரே மருந்த திருப்பி திருப்பி அடிக்காதீங்க, பேனுக்கு பழகிப் போய்டும், மாத்தி மாத்தி அடிங்க’ன்னு. நான் அத கெட்டியா புடிச்சிகினேன். எனக்கோ எழுத்து தெரியாது. நான் எப்டி மாத்துவேன்? மூடிய வெச்சி மாத்துனேன். மொத வாட்டி செவப்பு, அடுத்த வாட்டி நீலம், அதுக்கடுத்து பச்ச. கடையில போய் ‘செவப்பு வேணாம், போன வாட்டி அடிச்சிட்டேன், வேற மூடி குடு’ம்பேன். அவரும் கேட்டத குடுத்தாரு. தீந்து போன பாட்டிலு மூடியெல்லாம் கம்பியில கோத்து மோட்டாரு ரூம்புல தொங்க வுட்டேன், எது அடிச்சோம்னு மறக்காம இருக்க. பாத்துக்கோ, ஆபீசரு சொன்னத இந்த ஊருலயே சரியா கேட்டவன் நான் ஒருத்தன்தான்னு எனக்கு நெனப்பு.

இதுல இன்னா பேஜாருன்னா, என் கம்பிய பாத்து மத்தவங்களும் அடிச்சாங்க. பக்கத்து கழனி கோவிந்தன் இருக்கானே, அவன் வந்து எட்டிப் பாத்துட்டு ‘ண்ணா, இந்த வாரம் பச்சயா?’ன்னு கேப்பான். பச்சடான்னுவேன். அவனும் போய் பச்ச வாங்குவான். அவன பாத்து அவன் மச்சான். எனக்கு பெருமன்னா பெரும, டீக்கடையில நான் போனா எடம் வுடுவாங்க. ஆனா பேனு மட்டும் கொறையல. செவப்புக்கு மொதல்ல பொத்துனு வுழுந்தது நீலத்துக்கு கொஞ்சம் தள்ளாடுச்சி, பச்சக்கி ஒண்ணும் பண்ணல, அது பாட்டுக்கு எலைக்கி அடியில குடும்பம் நடத்துது.

அப்பதான் ஒரு ஞாயித்துக்கிழம உங்கம்மா எங்கூட கடைக்கி வந்தா. அவ ஆம்பூருல ஷூ கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல இருந்தா அப்போ. உனக்குத் தெரியும், அவளும் பள்ளிக்கூடம் ஜாஸ்தி போனவ இல்ல, ஆனா பொட்டி மேல ஒட்டற லேபிள பாத்து பாத்து இங்கிலீஷு எழுத்து பழகிகினா. கடையில மேஜ மேல செவப்பு, நீலம், பச்ச மூணும் இருந்துச்சி. ஒவ்வொண்ணா எடுத்து கண்ணுகிட்ட வெச்சி பாத்தா. வூட்டுல என்ன வா போன்னு பேசறவ, நாலு பேரு எதுர்ல வாங்க போங்கன்னுதான் பேசுவா. ‘ஏங்க, மேல பெருசா போட்டிருக்கற பேருதான் வேற வேற. கீழ பொடி எழுத்துல மூணுலயும் ஒரே பேருதாங்க இருக்குது. எங்க கம்பெனில ஒரே ஷூவுக்கு உள்ள பாதம் வெக்கற எடத்துல மூணு நாட்டுக்காரன் பேரு வேற வேறயா ஒட்டறோமில்ல, அந்த மாதிரிங்க. மருந்து ஒண்ணுதான்’னா.

டேய், அவ சொன்னது எவ்ளோ பெரிய விஷயம். கடையில நாலஞ்சி பேரு நின்னுகினு இருந்தாங்க, கோவிந்தனும் இருந்தான். எல்லாம் என் கம்பிய நம்பி வந்தவங்க. எனக்கு மூஞ்சி சுருக்குனு ஆய்டுச்சி. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ‘செருப்பு ஒட்டறவளுக்கு மருந்து தெரிஞ்சிடுச்சாம்டா, நாளைக்கி கத்திரிச் செடிக்கு அளவெடுத்து ஷூ தெச்சி மாட்டி வுடுவா’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் ஜாஸ்தி சிரிச்சேன்.

இங்க பேனா நின்னுட்ச்சி. எழுதுன்னேன். ‘எழுதிட்டேன், மேல சொல்லு’ன்றா.

உங்கம்மா மூணு பாட்டிலயும் எடுத்த எடத்துலயே வெச்சிட்டு, எறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா. அந்த கம்பெனி வேலையிலதான்டா உன் ஹாஸ்டலு, உன் புக்கு, என் கழனிக்கி விதை எல்லாம் ஓடுச்சி. அத வெச்சிதான் நான் அவள பாத்து சிரிச்சேன். வூட்டுக்கு வந்தா, சோறு போட்டா, துணி தொவச்சா. ஆனா அதுக்கப்பறம் கழனிய பத்தி ஒரு வார்த்த கேக்கல. முன்னாடியெல்லாம் வேன வுட்டு எறங்குனதும் வரப்பு மேல வந்து நின்னு ‘இன்னிக்கி எப்டி இருக்குது’ன்னு கேப்பா. அது நின்னுட்ச்சி. எனக்கு அது அப்ப ஒறைக்கல. கேள்வி கேக்கறவ இல்லன்னு நிம்மதியா இருந்தேன், பாத்துக்கோ.

நான் இன்னா பண்ணேன், டோஸ ஏத்துனேன். ஒரு மூடி ஊத்தற எடத்துல ரெண்டு, அப்பறம் மூணு. கண்ணு எரிஞ்சி, தல சுத்தி வரப்புலயே வுழுந்துட்டேன், கோவிந்தன்தான் தூக்கி தண்ணி ஊத்துனான். பேனு ஜம்முனு இருக்குது. எதக் கொன்னேன்னா, அந்த பேன தின்ற பொடிப் பூச்சிங்க, எலை மேல குடுகுடுன்னு ஓடுமே, அதுங்கள மொத்தமா கொன்னுட்டேன். காவக்காரன கொன்னுட்டு திருடன வுட்டுட்டேன். கடைசியில செடி நுனியெல்லாம் நூலு, வெயில்ல பாத்தா கழனி முழுக்க நைலான் பொடவ காயப் போட்ட மாதிரி மினுக்குச்சி. காயி கோலிகுண்டு சைசுல நின்னுட்ச்சி. புடுங்கிப் போட்டேன். கோவிந்தன் புடுங்குனான். அவன் மச்சான் புடுங்குனான். அவனுங்க யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

செடியெல்லாம் புடுங்குன அன்னிக்கி மத்தியானம் மோட்டாரு ரூம்புல தனியா குந்தியிருந்தேன். மூணு பாட்டிலு கெடந்துச்சி. எடுத்தேன். எழுத்து தெரியலன்னா இன்னா, கண்ணு தெரியுதில்ல. கீழ பொடி எழுத்த வெரலு வெச்சி பாத்தேன். செவப்புல மொத எழுத்து கூடாரம் மாதிரி, ரெண்டாவதுக்கு ரெண்டு தொப்ப, மூணாவது மறுபடி கூடாரம். நீலத்த எடுத்தேன். கூடாரம், ரெண்டு தொப்ப, கூடாரம். பச்சயிலயும் அதேதான்டா. கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணொண்ணா வெரல நகத்தி பாத்தேன், ஒரு கோடு மாறல. நான் மாத்துனது மருந்து இல்ல, மூடி. ஒரே ஆளு மூணு சட்ட போட்டுகினு வந்திருக்கான், நான் மூணு பேருன்னு நெனச்சி கும்பிட்டிருக்கேன். அந்த கம்பிய அறுத்து எறிஞ்சிட்டேன். ஆனா வூட்டுக்கு போய் உங்கம்மாகிட்ட ‘நீ சொன்னதுதான் சரி’ன்னு சொன்னேனா? சொல்லல. ‘இந்த வாட்டி வெயிலு ஜாஸ்தி, அதான் போய்ட்ச்சி’ன்னேன். அவ ஊம்னா.

அடுத்த வருஷம் அவளாத்தான் ஒரு நாளு கம்பெனியிலேருந்து சில்வர் பேனா ஒண்ணு எடுத்துகினு வந்தா. தோல்ல கோடு போடற பேனா, பாட்டிலு மேல எழுதுனாலும் அழியாது. வாங்கற ஒவ்வொரு பாட்டில்லயும் பொடி எழுத்த படிச்சி, ஒரே ஜாதி மருந்துக்கு ஒரே நம்பரு பெருசா எழுதி வெச்சா. மூடி இன்னா கலரா இருந்தாலும் இருக்கட்டும், ஒண்ணாம் நம்பரு அடிச்சா அந்த போகத்துல மறுபடி ஒண்ணாம் நம்பரு கெடையாது. நம்பரு எனக்கு தெரியும்ல, பஸ்சு நம்பரு பாத்து பழகுனதுதான். நான் எதுவும் கேக்கல, அவ எதுவும் சொல்லல, அது பாட்டுக்கு நடந்துச்சி. இப்போ கோவிந்தன் பாட்டில்ல கூட உங்கம்மா கையெழுத்துதான்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். நீ படிச்சவன், உனக்கு கூடாரம் தொப்பன்னு பாக்க வேண்டியதில்ல. அதே மருந்துன்னு தெரிஞ்சே டபுளா அடிக்கறேன்ற, ஏன்னா வேற மருந்து வாங்க மலைய வுட்டு எறங்கணும், ஒரு நாளு போய்டும். கேளு கண்ணு. நீ ரெண்டு வாட்டி அடிச்சதுல செத்தது செத்துட்ச்சி. செத்தது குட்டி போடாது. பொழச்சது இருக்குது பாரு, அதான் குட்டி போடுது, அதோட குட்டிக்கு அந்த மருந்து குளிக்கற தண்ணி. நீ டபுளா அடிச்சா அதுலயும் கெட்டியானது மிஞ்சும், அப்பறம் அதோட வம்சம். கத்திரிக்காயவாவது வேவ வெச்சி தின்றோம். உன் பழத்த தோலு கூட உரிக்காம அப்டியே வாயில போடறாங்கடா, நானே ஒரு தட்டு போட்டேன்.

கீதா இன்னா சொல்லுதுன்னு நீ சிரிச்சிகினே சொன்னியே, அத நான் சிரிக்காம யோசிச்சி பாத்தேன். அடி எலைய, காஞ்ச எலையெல்லாம் கிள்ளி மூட்ட கட்டி வெளிய தூக்கிப் போவலாம்னு சொல்லுது. எந்த மூலையில ஜாஸ்தியோ அங்க மட்டும், எலைக்கி அடியில படற மாதிரி, வேற ஜாதி மருந்து அடிக்கலாம்னு சொல்லுது. ஓடற பூச்சி இருக்கற எடத்த தொட வேணாம்னு சொல்லுது. அது எண்ணறது வெளயாட்டு இல்லடா. எண்ணுனாத்தான் ஏறுதா எறங்குதான்னு தெரியும். நான் எண்ணியிருந்தா நீல மூடியிலயே உஷாராயிருப்பேன். இத்தினியும் பண்ணா பேனு ஒழிஞ்சிடும், ஒரு பழம் கூட வீணாவாதுன்னு நான் சத்தியம் பண்ணல. அறுப்பு போனாலும் போவும். போச்சின்னா வா, நம்ம கழனி இருக்குது, உங்கம்மா கையில பேனா இருக்குது. ஆனா கழனி போறது ஒரு போகம். அந்தப் பொண்ணு ஒரு நாளு கூடாரத்து வாசல்ல நின்னு ‘இன்னிக்கி எப்டி இருக்குது’ன்னு கேக்கறத நிறுத்திடுச்சின்னா, அது எத்தினி போகத்துக்குன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேணாம்.

அதனால வெள்ளிக்கிழம டபுள் டோஸு வேணாம். அன்னிக்கி காலையில, வயித்துக்கு எதுனா போட்டுகினு, ரெண்டு பேருமா கூடாரத்துக்குள்ள போங்க. அது எலைய திருப்பறப்போ நீ பக்கத்துல குந்து. நின்னுகினு கேக்காத, குந்து. கண்ணாடிய வாங்கிப் பாரு. எது ஓடுது, எது குந்திகினு இருக்குதுன்னு அதுகிட்டயே கேளு. அப்பறம் அந்த தமாஷு, தொட்டில் கட்டுவான்னு சொன்னியே, அது கீதா காதுல வுழுந்திருக்கும்டா. பின்னாடிதான நின்னுகினு இருந்துச்சி. அதுக்கு இன்னா பண்ணணும்னு நான் சொல்லித் தர முடியாது. நான் இத்தினி வருஷமா பண்ணல.

மல்லிகா, நீ எழுதறத நிறுத்தாத. இதுவரைக்கும் அவனுக்கு சொன்னேன், இது உனக்கு. ‘எனக்குன்னா வாயால சொல்லேன், எதுக்கு எழுதணும்’ன்றா. இல்ல, எழுது, அவனும் பாக்கட்டும். அன்னிக்கி கடையில, நாலு பேரு எதுர்ல, நான்… தோ, கோவிந்தன் வரப்புலேருந்து கத்தறான், ‘ண்ணா! கரண்டு வந்துட்ச்சி, மோட்டாரு போட வா, மறுபடி போய்டும்!’னு. இர்ரா வர்றேன்! நீ எழுது மல்லிகா. நான் சிரிச்சது தப்பு. நீ சொன்னதுதான் சரின்னு எனக்கு செடி புடுங்குன அன்னிக்கி மத்தியானமே தெரியும், தெரிஞ்சும் நான் உன்கிட்ட…